கன்னத்தைக் காட்டச் சொன்னவர் கேள்வியும் கேட்டார்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 31 வருஷம் கணக்கு எழுதினவன் நான். இப்போது சபையில் பெரியவர்கள் வேதபாட வகுப்பு எடுக்கிறேன். "நியாயமில்லாம நடத்தறாங்க, விசுவாசி என்ன செய்யறது?" என்று வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். கேட்டவர்களின் பெயரை எடுத்துவிட்டேன்.

ஐயா, நான் செக்கிங் டேபிள்ல இருக்கேன். ஓவர்லாக் மெஷின்ல தையல் விட்ட பீஸை நான்தான் பாஸ் பண்ணிட்டேன்னு சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் திட்டிட்டார். அந்த லாட் என் டேபிளுக்கே வரலைங்க. வாரச் சம்பளத்துல 600 ரூபாய் பிடிச்சுட்டாங்க. 'மறு கன்னத்தைக் காட்டு, பேசாத'ங்கறாங்க அம்மா. (திருப்பூர்)

பேசு கண்ணு. மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன இயேசுவையே விசாரணையில ஒரு சேவகன் அறைஞ்சான், யோவான் 18-ல இருக்கு. அப்போ அவர் மறு கன்னத்தைத் திருப்பிக்கிட்டு நிக்கலை. நான் பேசினது தப்புன்னா எது தப்புன்னு காட்டு, சரின்னா ஏன் அடிக்கிறேன்னு கேட்டார். கை ஓங்கலை, சபிக்கலை, ஆனா கேட்டார். மத்தேயு 5-லயும் 'வலது கன்னம்'னுதான் இருக்கு. எதிர்ல நிக்கறவனோட வலது கன்னத்துல வலது கையால அடிக்கணும்னா புறங்கையாலதான் முடியும். அது எசமான் அடிமையை அவமானப்படுத்தற அடிங்கறது பல வேத பண்டிதர்களோட கருத்து. அப்படிப் பார்த்தா, மறு கன்னத்தைத் திருப்பறது பயந்து ஒடுங்கறது இல்லை, 'நானும் மனுஷன்தான், பார்த்து அடி'ன்னு நிமிர்ந்து நிக்கறது.

என் கதையையும் சொல்றேன். ஒரு சனிக்கிழமை சம்பளம் போட்டு முடிச்சப்போ ஒரு டெய்லரோட கவர் மட்டும் காணோம். முதலாளி நாப்பது பேர் முன்னாடி என் சட்டைப் பையில கையை விட்டுத் தேடினார். நான் வாயே திறக்கலை. ஆண்டவருக்காகப் பொறுத்துக்கிட்டேன்னு வீட்டுல பெருமையாச் சொன்னேன். திங்கக்கிழமை பார்த்தா, பசை ஈரம் காயாம ரெண்டு கவர் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, இன்னொருத்தர் கைக்குப் போயிருந்துச்சு. முதலாளி ஒரு டீ வாங்கி அனுப்பினார், அவ்வளவுதான். அன்னைக்கு நான் பேசாம இருந்தது விசுவாசத்துல இல்லை, வேலை போயிரும்ங்கற பயத்துலன்னு ஒத்துக்க எனக்குப் பத்து வருஷம் ஆச்சு. அந்தப் பத்து வருஷமும் அவரை மனசுக்குள்ள திட்டிக்கிட்டேதான் இருந்தேன்.

அதனால துணிக்கட்டோட வர்ற பண்டல் டிக்கெட் சீட்டைப் பாரு, அந்த லாட் எந்த டேபிளுக்குப் போச்சுன்னு குறிச்சுக்கோ. காலையில மெஷின் ஓடறதுக்கு முன்னாடி சூப்பர்வைசர்கிட்டத் தனியாக் கேளு. "அண்ணா, இது என் லாட் இல்லை, பார்த்துச் சொல்லுங்க." அவர் உன்னைத் திட்டின வார்த்தையில ஒண்ணைக்கூடத் திருப்பிச் சொல்லாத. அடக்கவேண்டிய இடம் அங்கதான்.

11 வருஷம் வேலை பார்த்த கம்பெனி என்னை நிறுத்திருச்சு. கிராஜுவிட்டி (பணிக்கொடை) கேட்டா, 'நீயெல்லாம் விசுவாசியா, பணத்துக்கு இப்படி அலையற'ங்கறார் முதலாளி. அவரும் நம்ம சபைதான். (ஈரோடு)

அலையறது நீங்க இல்லைங்க, உங்க காசு. பத்துப் பேருக்குக் குறையாத கம்பெனியில அஞ்சு வருஷம் விடாம வேலை செஞ்சவருக்கு வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் சேரணும்னு சட்டமே இருக்கு. கடைசியா வாங்கின அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000 ரூபாய்னு வைங்க. மாசத்துக்கு 26 வேலை நாள்னு வகுத்தா ஒரு நாளைக்கு 500. 15 நாளுக்கு 7,500. பதினோரு வருஷத்துக்கு 82,500. இது முதலாளி போடற பிச்சை இல்லை. கூலியைப் பிடிச்சு வச்சா அந்தக் கூலியே கூக்குரலிடும்னு யாக்கோபு 5-ல இருக்கே, அதை அவருக்கும் வாசிச்சுக் காட்டலாம்.

விசுவாசிக்கு விசுவாசி கோர்ட்டுக்குப் போறதைப் பவுல் கண்டிச்சிருக்கார், நிஜம்தான். ஆனா அதே மூச்சுல, தீர்த்து வைக்க உங்கள்ல ஒரு விவேகி இல்லையான்னும், சகோதரருக்கே அநியாயம் செய்றீங்களேன்னும் கேட்டிருக்கார். அந்த வரியை மட்டும் முதலாளிகள் வசதியாத் தாண்டிருவாங்க. மத்தேயு 18 சொல்ற வரிசையில போங்க. முதல்ல தனியா, அப்புறம் ரெண்டு பேரோட, அப்புறம் சபையில. அதுக்கும் மசியலைன்னா தொழிலாளர் துறைக்கு மனு போடுங்க, பாவம் இல்லை. பவுலே தன் வழக்கை ரோம இராயன்கிட்ட மேல்முறையீடு பண்ணினவர்தான். இத்தாலியில இருந்து வந்து, இங்கத்திய சந்நியாசி மாதிரி வாழ்ந்து, நம்ம நாமக்கல் பக்கத்துச் சேந்தமங்கலம் வரைக்கும் வந்த தத்துவ போதகர் ராபர்ட் டி நோபிலி மேல, அந்த வாழ்க்கை முறை தப்புன்னு கூட இருந்த குருவே புகார் எழுதினார். இவரும் சும்மா இருக்காம வரிக்கு வரி பதில் எழுதினார். 1623-ல ரோம்ல இருந்து வந்த முடிவு அவர் பக்கம்தான்.

அப்பா உயில் எழுதாம இறந்துட்டார். 'பொட்டப் புள்ளைக்கு நகை போட்டாச்சு, தோட்டத்துல பங்கு கேக்கறது கிறிஸ்தவக் குணமா'ங்கறாங்க அண்ணன்கள். (தாராபுரம்)

கேளு அம்மிணி. செலோப்பியாத்தோட அஞ்சு பொண்ணுங்க மோசே முன்னாடி நின்னு அப்பா பங்கைக் கேட்டாங்க. அவங்க கேக்கறது சரின்னு ஆண்டவரே சொன்னார் (எண்ணாகமம் 27). நமக்கு 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுச் சட்டம். அம்மா இருந்தா அவங்களுக்கு மூணுல ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமா. ஆணுன்னோ பொண்ணுன்னோ அதுல பேதம் இல்லை.

வீட்டுக்காரர் குடிச்சுட்டு அடிக்கிறார். பொறுத்துப் போகச் சொல்றாங்க சபையில.

பொறுக்க வேண்டாம் தாயி. குழந்தைகளைக் கூட்டிக்கிட்டு முதல்ல வெளிய வந்துருங்க. பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்க. மன்னிக்கறதைப் பத்தி அப்புறம் பேசலாம். சவுல் ஈட்டியை எறிஞ்சப்போ தாவீது விலகி ஓடினான், உக்காந்து பாட்டுப் பாடிட்டு இருக்கலை.

ஞானஸ்நானம் எடுத்ததால பையனுக்கு எஸ்.சி. சர்டிபிகேட் இல்லைன்னுட்டாங்க. 'ரெக்கார்டுல இந்துன்னே வச்சுக்கோ'ங்கறாங்க சொந்தக்காரங்க. (கோவை)

இதுல எனக்கும் கோபம் உண்டு. இந்துக்களுக்கு மட்டும்தான் எஸ்.சி.ன்னு சொன்ன 1950-ம் வருஷத்து ஜனாதிபதி ஆணை அது. 1956-ல சீக்கியரைச் சேர்த்தாங்க, 1990-ல பௌத்தரைச் சேர்த்தாங்க, கிறிஸ்தவரை இன்னும் சேர்க்கலை. தமிழ்நாட்டுல உங்க பையனுக்கு பி.சி.ன்னு கிடைக்கும், அதை விடாம வாங்கிருங்க. பொய் எழுதுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. எழுதினவங்க மேல கல்லெறியக் கையும் வரலை.

தண்ணியில முங்கி எந்திரிச்சா சாதி போயிருச்சுன்னு ஆணை சொல்லுது. நம்ம சபையில போயிருச்சா? ஒரே பாத்திரத்துல நற்கருணை எடுத்துட்டு, கல்யாணப் பேச்சுன்னா 'அவங்க என்ன ஆளுங்க'ன்னுதான் முதல்ல கேக்கறோம். அப்போஸ்தலர் 6-ல பந்தியில எங்க விதவைகளை விட்டுட்டீங்கன்னு கிரேக்கம் பேசின யூத விசுவாசிகள் முறுமுறுத்தாங்க. பொறுமையா இருங்கன்னு யாரும் பிரசங்கம் பண்ணலை, ஏழு பேரை நியமிச்சுச் சரி பண்ணினாங்க. நீங்களும் சபைக் கமிட்டியில எந்திரிச்சுக் கேளுங்க, நான் பக்கத்துல நிக்கறேன்.

எங்க தோட்டத்துக்குப் போற தடத்துல முள்ளை வெட்டிப் போட்டு அடைச்சுட்டார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். இப்போ அவரோட மோட்டார் காயில் போய், தென்னைக்குத் தண்ணி விடச் சொல்லிக் கேக்கறார். பகைவனுக்கு நல்லது செஞ்சா நடக்கும்னு ரோமர் 12-ல சொன்ன மாதிரி அவர் தலையில நெருப்புத் தழல் விழும்னா குடுத்துடறேனுங்க. (கோபி)

சிரிச்சுட்டேனுங்க. தழல் விழறதைப் பார்க்கறதுக்காகத் தண்ணி விட்டா அதுவும் பழிதானுங்களே? கணக்கு எழுதினவன் சொல்றேன், தண்ணியும் தடமும் வேற வேற பேரேடு. தடத்துக்கு தாலுகா ஆபீஸ்ல எப்.எம்.பி.ங்கற நில அளவை வரைபடம் வாங்கி, சர்வேயரை வரவழைச்சு அளங்க. தண்ணியை இன்னைக்கே விடுங்க, தென்னை உங்களுக்கு என்ன பண்ணுச்சு? ஓஸ் பைப்பை எந்தப் பக்கமா இழுக்கறதுன்னு மட்டும் அவர்கிட்டயே கேளுங்க. முள்ளை எடுக்காம பைப் போகாது.