சிலிக்கான் ரப்பர் இறுகவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: கொலு பொம்மை செய்து விற்கிறேன். எண்ணெய்க் களிமண்ணில் 15 செ.மீ. உயரத்தில் பிள்ளையார் செய்து, அச்சு எடுக்க ஆன்லைனில் சிலிக்கான் ரப்பர் வாங்கினேன். 1:1 என்று எடை போட்டுத்தான் கலந்தேன். வெளிப்பக்கம் இறுகிவிட்டது, சிலையை ஒட்டிய பக்கம் மட்டும் இரண்டு நாளாகியும் பிசுபிசுக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: முதலில், மீதமுள்ள ரப்பரில் 10 கிராம் கலந்து சுத்தமான பிளாஸ்டிக் மூடியில் ஊற்றிப் பாருங்கள். இறுகினால் சரக்கில் குறையில்லை. 1:1 கலவை பெரும்பாலும் பிளாட்டினம் வகை, அதாவது பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும் ரப்பர். கந்தகம் பட்டால் அதன் வினையூக்கி செத்துவிடும். எண்ணெய்க் களிமண் பலவற்றில் கந்தகம் இருக்கிறது. லேடெக்ஸ் கையுறை பட்டாலும் இதே கதிதான். எத்தனை நாள் வைத்தாலும் அந்தப் பிசுபிசுப்பு போகாது. சிலைக்கு வார்னிஷ் அடித்துத் தப்பிக்கலாம் என்பார்கள். அதை நம்பி ஒரு கிலோ ரப்பரை ஊற்றாதீர்கள்.

உங்கள் களிமண்ணுக்கு டின் வகைதான் (வெள்ளீய வினையூக்கியால் இறுகும் ரப்பர்) சரி. விலையும் குறைவு. ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) வழக்கமாக 100 கிராம் ரப்பருக்கு 2 முதல் 5 கிராம். டப்பாவில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று கூட்டினால் அச்சு சீக்கிரமே கிழியும். நாளாக ஆக இந்த ரப்பர் கொஞ்சம் சுருங்கும். அதனால் முதல் பிரதியை விற்காமல் அடுத்த அச்சுக்கு எடுத்து வையுங்கள்.

வாங்கும்போது ஷோர் ஏ எண்ணையும் கேளுங்கள். ரப்பர் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லும் எண் அது. தும்பிக்கைக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள இடுக்குக்கு 15 முதல் 20 வேண்டும். 30 என்றால் உரிக்கும்போது தும்பிக்கை கையோடு வந்துவிடும்.

அளவு: சிலையைப் பெட்டியில் வைத்து, சுற்றிலும் 1 செ.மீ. இடம் விட்டு, தலைக்கு மேல் 1 செ.மீ. வரை அரிசி கொட்டுங்கள். பிறகு அரிசியை மட்டும் அளந்து பாருங்கள். 1100 மி.லி. வந்தால் ஏறக்குறைய 1.3 கிலோ ரப்பர். உங்கள் சிலைக்கு ஒரு கிலோ போதவே போதாது.

மூடியில் ஊற்றியதும் இறுகவில்லை, அல்லது விற்பனைப் பக்கத்தில் ‘எல்லா களிமண்ணுக்கும் ஏற்றது’ என்று போட்டிருந்தது என்றால் பணம் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. பில், பேட்ச் எண், காலாவதி தேதி, அந்தப் பக்கம் எல்லாவற்றையும் படமெடுத்து விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: வார்ப்புக்கு எந்த ரெசின் வாங்கலாம்?

பதில்: ஃபைபர் கடையில் கிடைக்கும் பாலியெஸ்டர் ரெசினும் நன்றாகக் காய்ந்த மார்பிள் பவுடரும் போதும். பவுடர் சேர்த்தால் சூடும் சுருக்கமும் குறையும். பொம்மைக்குக் கனமும் வரும். ஹார்டனர் 1 முதல் 2 சதவீதம். கோபால்ட்டை (ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) தனியாகக் கொடுத்தால் அதை முதலில் ரெசினில் முழுக்கக் கலக்கிவிட்டு, பிறகே ஹார்டனர் விடுங்கள். இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். இரண்டுக்கும் ஒரே ஸ்பூனைக்கூடப் பயன்படுத்தாதீர்கள். நெடி கடுமையானது, மொட்டை மாடியில் வைத்து ஊற்றுங்கள்.