பெரிய காலிபர் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் 1,500 மீட்டருக்கு மேல் தாங்குமா என்று எப்படிச் சோதிப்பது?

கேள்வி சுருக்கமாக இது: .338 லாபுவா மேக்னம் (குண்டின் விட்டம் 0.338 அங்குலம்) அல்லது அதைவிடப் பெரிய காலிபரில் ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் இருக்கிறது. 100 மீட்டரில் மூன்று குண்டும் ஏறக்குறைய ஒரே ஓட்டையில் போகின்றன. இதை நம்பி மிக நீண்ட தூரப் போட்டியில் இறங்கலாமா?

அந்த மூன்று குண்டுகளை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு ரைஃபிளின் மூன்று குண்டு குரூப் (ஓட்டைகளுக்கு இடையிலான அதிகபட்சத் தூரம்) சராசரியாக 2 செ.மீ. என்றால், அதே ரைஃபிளின் பத்து குண்டு குரூப் சராசரியாக 3.2 செ.மீ. வரும். ரைஃபிள் கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. சுடச் சுடத்தான் அதன் உண்மையான சிதறல் வெளியே தெரியும். மூன்று மூன்றாகச் சுட்டு, நன்றாக வந்ததை மட்டும் படம் எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. பத்து குண்டாவது ஒரே இலக்கில் விழட்டும்.

இன்னொன்று. 1,500 மீட்டரில் நொடிக்கு 1 மீட்டர் பக்கக் காற்று, 300 கிரெய்ன் (ஏறக்குறைய 19 கிராம்) .338 குண்டை ஏறக்குறைய 80 செ.மீ. தள்ளும். ஆக, பக்கவாட்டில் விழும் சிதறலில் பெரும்பங்கு காற்றைப் படிப்பவரின் கணக்கு. மேல்கீழ் சிதறல்தான் ரைஃபிளும் தோட்டாவும் தரும் கணக்கு. ரைஃபிளை மதிப்பிடும்போது கண் எப்போதும் அந்த மேல்கீழ் சிதறலில் இருக்கட்டும்.

முதல் சோதனை மேசையில். சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துவிட்டு சேம்பரை அடைத்துப் பூட்டும் உருளையான போல்ட்டைக் கழற்றுங்கள். லக்குகளின் (போல்ட்டைப் பூட்டும் புடைப்புகள்) பின்முகத்தில் மார்க்கர் மையைத் தடவி, கோ கேஜ் (குறைந்தபட்ச அளவில் செய்த போலித் தோட்டா) ஒன்றைச் சேம்பரில் வைத்து, போல்ட்டைச் சற்றுப் பின்னால் இழுத்த நிலையிலேயே பத்து முறை திறந்து மூடுங்கள். எல்லா லக்கிலும் மை ஓரளவு சமமாக அழிந்திருக்க வேண்டும். ஒரு லக்கில் மட்டும் பளபளவென்று உலோகம் தெரிந்து, மற்றதில் மை அப்படியே இருந்தால், சுடும் அழுத்தம் முழுவதும் ஒரு பக்கத்தில் ஏறுகிறது என்று அர்த்தம். .338 போன்ற தோட்டாக்களின் பின்தள்ளு விசை சாதாரண வேட்டைத் தோட்டாக்களைவிட மிக அதிகம். அந்தச் சாய்வு ஒவ்வொரு சுடுதலிலும், போல்ட் உட்காரும் கூடான ஆக்‌ஷனை ஒரு பக்கமாக வளைக்கும்.

ஹெட்ஸ்பேஸைப் (மூடிய போல்ட்டுக்கும் சேம்பரில் தோட்டா நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்) பார்க்க, தோட்டா உறையை இழுத்து வெளியேற்றும் எக்ஸ்ட்ராக்டரும் எஜெக்டரும் இடையூறு செய்யாதபடி வைத்துக்கொள்ளுங்கள். கோ கேஜில் போல்ட் விரல் விசையில் மூட வேண்டும். அதைவிடச் சற்று நீளமான நோ-கோ கேஜில் மூடக் கூடாது. பழைய ரைஃபிள் வாங்குபவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது. சேஃப்டியையும் பாருங்கள்: காலி ரைஃபிளைக் காக் செய்து, சேஃப்டி போட்டு ட்ரிகரை அழுத்தி விடுங்கள். பிறகு ட்ரிகரைத் தொடாமல் சேஃப்டியை எடுங்கள். ஃபயரிங் பின் விழுந்தால் அந்த ரைஃபிள் மைதானத்துக்கே வரக் கூடாது.

பேரல் முனையின் க்ரௌனில் (குண்டு வெளியேறும் விளிம்பு) ஒரு பஞ்சுக் குச்சியை உள்ளிருந்து வெளியே மெதுவாக இழுத்துப் பாருங்கள். எங்கேயாவது ஓர் இழை மாட்டினால் அங்கே பிசிர் இருக்கிறது. குண்டு வெளியேறும் கடைசிக் கணத்தில் வாயு ஒரு பக்கமாகத் தள்ளும். பேரலின் உட்புறத்தைக் காட்டும் போர்ஸ்கோப் கிடைத்தால் சேம்பருக்கு அடுத்த தொண்டைப் பகுதியைப் பாருங்கள். வறண்ட ஏரி மண் போல வெடித்த கோடுகள் தெரிந்தால் பேரல் கணிசமாகச் சுடப்பட்டிருக்கிறது. லேசான வெடிப்பு தானாகக் குற்றம் ஆகாது. ரைஃப்ளிங் (பேரலின் உள்ளே சுருளாக ஓடும் பள்ளங்கள்) தொடங்கும் விளிம்பு மழுங்கி முன்னால் நகர்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. பெரிய மேக்னம் பேரல்களின் துல்லியமான ஆயுளை ஆயிரம், இரண்டாயிரம் சுடுதல் என்ற அளவில்தான் பேச வேண்டும். அதனால் பேரல் மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்தே எண்ணுங்கள்.

ரைஃபிளின் உடற்பகுதியான ஸ்டாக் அல்லது சேஸிஸ் ஆக்‌ஷனை இயல்பாகத் தாங்குகிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. பேரலும் ஸ்டாக்கின் முன்முனையும் சந்திக்கும் இடத்தில் விரலை வையுங்கள். முன் ஆக்‌ஷன் திருகைத் தளர்த்தி மீண்டும் இறுக்குங்கள். விரலுக்கு அசைவு தெரிந்தால் ஆக்‌ஷன் வளைந்தபடி உட்கார்ந்திருக்கிறது. டயல் இண்டிகேட்டர் வைத்தால் முள் 0.05 மி.மீ.க்கு மேல் நகரக் கூடாது. இறுக்குவதற்கு எப்போதும் டார்க் ரெஞ்ச். எவ்வளவு விசை என்பது அந்தத் தயாரிப்பாளர் தந்த எண்.

இனி ஸ்கோப். நீண்ட தூரத்தில் ரைஃபிள்மீது சுமத்தப்படும் பழிகளில் பாதிக்கு மேல் உண்மையில் ஸ்கோப்பும் அதன் பிடிமானமும் செய்தவை என்பது என் கருத்து. முதலில் ஏற்றக் கணக்கு. கடல்மட்டக் காற்றில் நொடிக்கு 840 மீட்டரில் புறப்படும் 300 கிரெய்ன் .338 குண்டுக்கு, 100 மீட்டர் ஜீரோவிலிருந்து (குறியும் குண்டும் அங்கே ஒன்றாகும் அமைப்பு) 1,500 மீட்டருக்கு ஏறக்குறைய 17 மில் (1 மில் என்பது 100 மீட்டரில் 10 செ.மீ.) ஏற்ற வேண்டும். ஸ்கோப்பின் மொத்த ஏற்றம் 30 மில் என்றால், சாய்வில்லாத ரெயிலில் மேலே 15 மில்தான் கிடைக்கும், போதாது. 40 எம்ஓஏ (1 எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் 60இல் ஒரு பங்கு) சாய்வுள்ள ரெயில் 11.6 மில் கூட்டித் தரும்: மேலே 26.6, கீழே 3.4. 100 மீட்டர் ஜீரோவும் கையில் இருக்கும். ஆசைப்பட்டு 60 எம்ஓஏ ரெயில் போட்டால் அது 17.5 மில், அந்த ஸ்கோப்பை 100 மீட்டரில் ஜீரோ செய்யவே முடியாது. வாங்குமுன் இந்தக் கூட்டல் கழித்தலைத் தாளில் போட்டுப் பாருங்கள். ரைஃபிள் வந்த பிறகு பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்தது ட்ராக்கிங், அதாவது திருப்பிய அளவுக்கு ஸ்கோப் சரியாக நகர்கிறதா என்பது. 100 மீட்டரை டேப்பால் அளந்து, உயரமான பலகையில் தூக்குக்குண்டு நூல் பிடித்து 1 மீட்டர் செங்குத்துக் கோடு போடுங்கள். ரைஃபிளை அசையாதபடி இறுக்கி வைத்து, கோட்டின் ஒரு முனையில் ரெட்டிக்கிளை (ஸ்கோப்பினுள் தெரியும் குறிக்கோடு) நிறுத்தி 10 மில் திருப்புங்கள். மறுமுனையில் சரியாக வந்து நிற்க வேண்டும். 98 செ.மீ.யில் நின்றால் 2 சதவீதப் பிழை. 100 மீட்டரில் இது ஒன்றுமில்லாதது போலத் தெரியும்; 20 மில் திருப்பி 2,000 மீட்டரில் சுடும்போது 80 செ.மீ. தவறும். பிழை நிலையானதாக இருந்தால் பாலிஸ்டிக் கணக்கில் திருத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் அந்த ஸ்கோப்பை இந்த வேலைக்கு வைக்காதீர்கள். ரெட்டிக்கிள் நூலை விட்டுப் பக்கவாட்டில் நழுவுகிறதா என்பதும் இதே சோதனையில் தெரியும்: 1 டிகிரி சாய்வு 20 மில் ஏற்றத்தில் 0.35 மில் பக்கப் பிழை, 2,000 மீட்டரில் 70 செ.மீ. பபுள் லெவல் இல்லாமல் இந்தத் தூரத்தில் சுடுவதில் பயனில்லை.

பிடிமானத்தில் ஒரு சின்ன விஷயம். சுடும்போது ரைஃபிள் பின்னால் போகிறது. ஸ்கோப் தன் எடையால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. அதனால் ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங்குகளை ரெயில் பள்ளத்தின் முன்விளிம்போடு தள்ளி ஒட்டவைத்துவிட்டு இறுக்குங்கள். நடுவில் இடைவெளி விட்டால் முதல் சில சுடுதலிலேயே ஸ்கோப் நகர்ந்து ஜீரோ ஓடும். ரிங்குக்கும் ஸ்கோப் குழாய்க்கும் குறுக்கே பெயிண்ட் மார்க்கரால் ஒரு மெல்லிய கோடு போட்டு வையுங்கள். நழுவினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

சுடும் சோதனைக்குக் குண்டின் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃப் கட்டாயம். இதிலும் எண்ணிக்கைதான் பேசும். ஐந்து சுடுதலில் வேகத்தின் திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றிய சிதறலின் அளவு) நொடிக்கு 3 மீட்டர் என்று காட்டினால், உண்மையான மதிப்பு 1.8 முதல் 8.6 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இருபது சுடுதலில் அதே 3 வந்தால் வரம்பு 2.3 முதல் 4.4 வரை சுருங்கும். தோட்டா விலை கைகடிக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் இந்த இருபதில் மிச்சம் பிடித்தால், பிறகு நூறு தோட்டாவைக் காரணம் தெரியாமல் வீணாக்க நேரிடும்.

எந்தத் தோட்டா என்பதும் முக்கியம். .50 பிஎம்ஜி ரைஃபிளை எம்33 பால் போன்ற ராணுவத் தோட்டாவால் சோதித்து, துல்லியம் இல்லை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அது இயந்திரத் துப்பாக்கிக்காகச் செய்தது. 750 கிரெய்ன் எடையளவில் வரும் மேட்ச் (போட்டிக்கெனத் துல்லியமாகச் செய்த) குண்டுகளால் சோதித்த பிறகு பேசுங்கள். தோட்டாக்கள் எல்லாம் ஒரே லாட்டிலிருந்து (ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து) வர வேண்டும். வெயிலில் கிடந்த தோட்டாவும் நிழலில் இருந்த தோட்டாவும் ஒரே வேகம் தராது. வெப்பத்தால் எளிதில் மாறும் சில வெடிமருந்துகளில் 20 டிகிரி வித்தியாசம் வேகத்தை நொடிக்கு 10 மீட்டர் அல்லது அதற்கு மேலும் மாற்றும். ட்விஸ்ட்டும் (ரைஃப்ளிங் சுழலும் வீதம்) குண்டின் நீளத்துக்குப் பொருந்த வேண்டும். லேத்தில் கடைந்த செம்பு, பித்தளைக் குண்டுகள் அதே எடை ஈயக் குண்டைவிட நீளம். ஈய உள்ளீடு கொண்ட குண்டுக்குப் போதுமான ட்விஸ்ட் இதற்குப் போதாமல் போகலாம். குண்டு நிலையாகச் சுழன்று பறக்குமா என்று காட்டும் மில்லர் சூத்திரத்தில் நிலைப்பு எண் 1.5 அல்லது அதற்கு மேல் வருகிறதா என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

இப்போது எல்லாவற்றையும் ஒரு கணக்கில் சேர்ப்போம். 100 மீட்டரில் பத்து குண்டு குரூப் 2.7 செ.மீ. என்றால் ஒரு திசையில் சிதறலின் திட்ட விலக்கம் ஏறக்குறைய 0.7 செ.மீ. 1,000 மீட்டரில் அது 7 செ.மீ. வேக விலக்கம் நொடிக்கு 3 மீட்டர் என்றால், அதே .338 குண்டுக்கு 1,000 மீட்டரில் அதுவும் ஏறக்குறைய 7 செ.மீ. இரண்டும் சேர்ந்து (வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால்) 10 செ.மீ.; பத்து குண்டின் மேல்கீழ் விரிவு சராசரியாக 30 செ.மீ. 1,500 மீட்டருக்குப் போனால் ரைஃபிளின் பங்கு 10.5 செ.மீ.தான், வேகத்தின் பங்கோ 19 செ.மீ. ஆகிவிடுகிறது. குரூப்பை இன்னும் அரை செ.மீ. சுருக்கப் படும் பாட்டைவிட, வேகத்தைச் சீராக்கப் படும் பாடு இங்கே பலன் தரும் என்பதற்கு இதுதான் காரணம்.

காற்று அடங்கிய அதிகாலையில் 1,000 மீட்டரில் பத்து குண்டு சுட்டு, மேல்கீழ் விரிவை மட்டும் அளங்கள். 30 எதிர்பார்த்த இடத்தில் 40 வந்தால் கவலை வேண்டாம், பத்து குண்டில் அவ்வளவு ஏற்ற இறக்கம் இயல்பு. 60 வந்து, மறுநாளும் 60 வந்தால் எங்கோ கோளாறு. முதலில், பேரல் முனையில் திருகிய, பின்னுதைப்பைக் குறைக்கும் மஸில் பிரேக்கைத் தொட்டுப் பாருங்கள். தளர்ந்த பிரேக் குரூப்பைச் சிதறடிப்பது அடிக்கடி நடப்பது. அடுத்து ரிங்கின் பெயிண்ட் கோடு, பிறகு ஆக்‌ஷன் திருகுகள், அதன் பிறகு பைபாட் (இரண்டு கால் தாங்கி) ஊன்றிய தரை. கடினமான கான்கிரீட்டில் பைபாட் துள்ளும். மண்ணில் அதே ரைஃபிள் அடங்கிவிடும். மஸில் பிரேக்கின் வெடிப்பு பக்கத்தில் இருப்பவரின் காதையும் தாக்கும். காதுக்குள் அடைப்பான், அதன் மேல் மஃப், இரண்டும் எல்லோருக்கும் வேண்டும்.

தூரத்தின் எல்லையை ரைஃபிளை விடக் குண்டுதான் வைக்கிறது. வேகம் ஒலியின் 1.2 மடங்குக்குக் கீழே, அதாவது நொடிக்கு ஏறக்குறைய 410 மீட்டருக்குக் கீழே இறங்கும்போது சில குண்டுகள் தள்ளாடத் தொடங்கும். இலக்கில் வட்டமான ஓட்டைக்குப் பதில் நீள்வட்டம் தெரிந்தால், அல்லது ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குப் பிறகு மேல்கீழ் விரிவு திடீரென்று பெருகினால், அந்தக் குண்டின் எல்லை அதுதான். .338க்குக் கடல்மட்டத்தில் இது 1,500 மீட்டரை ஒட்டி வருகிறது. அதற்கு அப்பால் நம்பிக்கையோடு போக .375 சேடாக், .416 பாரெட் போன்ற பெரிய தோட்டாக்கள் வேண்டும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ராட்டனில் நடந்த கிங் ஆஃப் டூ மைல்ஸ் போட்டியின் தூரங்களைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த இடம் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் 18 சதவீதம் குறைவு. அங்கே எட்டிய தூரத்தை அதே ரைஃபிளும் அதே தோட்டாவும் கடலோரத்தில் எட்டா.

வாங்கிய பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஒவ்வொரு நாளும் குளிர்ந்த பேரலின் முதல் குண்டு எங்கே விழுந்தது என்பதை ஜீரோவிலிருந்து மில் கணக்கில் தனியாக எழுதுங்கள். பத்து நாள் எழுதினாலே, முதல் குண்டு மற்றவற்றோடு சேருகிறதா, எப்போதும் ஒரே பக்கம் விலகுகிறதா என்று தெரிந்துவிடும். ஒரே பக்கம் விலகினால் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். நாளுக்கொரு திசை என்றால் பெட்டிங்கையும் (ஸ்டாக்கில் ஆக்‌ஷன் உட்காரும் விதம்) ஸ்கோப் பிடிமானத்தையும் மீண்டும் முதலிலிருந்து பாருங்கள். 200 சுடுதலுக்கு ஒருமுறை குண்டு ரைஃப்ளிங்கைத் தொடும் தூரத்தையும், அதே லாட் தோட்டாவின் வேகத்தையும் அருகருகே குறித்து வாருங்கள். தொடும் தூரம் நீண்டுகொண்டே போய், வேகமும் இறங்கி, வேக விலக்கம் கூடத் தொடங்கினால், அடுத்த போட்டிக்கு முன்பே புதிய பேரலுக்குச் சொல்லி வைத்துவிடுங்கள்.