மரதனுக்கு முந்திய மூன்று வாரங்கள்: கேள்வியும் பதிலும்

கொழும்பு மரதனுக்கு இன்னும் மூன்று வாரங்களே இருக்கின்றன. பதினான்கு ஆண்டுகளாக ஓடிவருபவன், சனிக்கிழமை காலைகளில் சுதந்திர சதுக்கத்தில் சிலருக்குப் பயிற்சி கொடுப்பவன் என்ற அளவில் பதில் சொல்கிறேன். நான் வைத்தியன் அல்லன். நீண்ட கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து: ஐயா, நான் இதுவரை ஓடிய அதிகூடிய தூரம் 26 கிலோமீற்றர். நடுவில் காய்ச்சல் வந்து இரண்டு வாரங்கள் போய்விட்டன. வரும் ஞாயிறு 35 ஓடிவிட்டால் மனத்துக்குத் தைரியமாக இருக்குமல்லவா?

வேண்டாம், தம்பி. நீண்ட ஓட்டத்தின் பலன் அன்றைக்கே உடலில் சேர்ந்துவிடுவதில்லை. தசையில் ஏற்பட்ட சேதம் ஆறி, உடல் முன்னிருந்ததைவிடப் பலமாகத் தன்னைக் கட்டிக்கொள்ள ஏறத்தாழ இரண்டு வாரங்களாவது பிடிக்கும். அதிலும் காய்ச்சலில் படுத்தெழுந்த உடல் 26 இலிருந்து ஒரே தாவலில் 35 க்குப் போனால், அந்தச் சேதம் ஆறுவதற்குள் போட்டி நாள் வந்துவிடும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் மூன்றாவது மரதனுக்குப் பதினொரு நாட்கள் இருக்கையில், உங்களைப் போலவே தைரியம் தேடி, மரைன் டிரைவில் மேலும் கீழுமாக 35 கிலோமீற்றர் ஓடினேன். அன்று நன்றாகத்தான் ஓடினேன். போட்டியன்று 27 ஆவது கிலோமீற்றரில் இரண்டு தொடைகளும் பலகையாக இறுகிவிட்டன. மிகுதி 15 கிலோமீற்றரையும் நடந்து முடிக்க எனக்கு இரண்டரை மணித்தியாலங்களுக்கு மேல் எடுத்தது.

இந்த ஞாயிறு 28 கிலோமீற்றர் அல்லது மூன்று மணித்தியாலம், எது முதலில் வருகிறதோ அதோடு நிறுத்துங்கள். அடுத்த ஞாயிறு 18, அதற்கடுத்த ஞாயிறு 12. வாரத்துக்கு 50 கிலோமீற்றர் ஓடிவந்தவர் அதை 40, 30 என்று இறக்கி, போட்டி வாரத்தில் போட்டி தவிர்ந்து 15 அளவில் வைத்துக்கொள்ளலாம். ஓட்டம், நீச்சல், சைக்கிள் என்று பல விளையாட்டுகளில் நடந்த ஆய்வுகளை லோரன் பொஸ்கே என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2007 இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ இரண்டு வாரங்களில் பயிற்சியின் அளவை 41 முதல் 60 சதவீதம் வரை குறைத்து, வேகத்தையும் பயிற்சி நாட்களின் எண்ணிக்கையையும் குறைக்காமல் வைத்திருந்தவர்களுக்கே கூடுதல் பலன் கிடைத்ததாக அவர்கள் கண்டார்கள். குறைக்க வேண்டியது தூரத்தை மட்டும் என்பதை நினைவில் வையுங்கள். அடுத்த கேள்வியும் அதைப் பற்றியதுதான்.

தெஹிவளையிலிருந்து: கடைசி வாரங்களில் மெதுவாக மட்டும் ஓடினால் போதுமா? நான் 800 மீற்றரைப் பத்துத் தடவை, தடவைக்கு 4 நிமிடமாக ஓடி முடித்திருக்கிறேன். அப்படியென்றால் 4 மணித்தியாலத்தில் மரதனை முடிக்கலாம் என்கிறார்கள்.

மெதுவாக மட்டும் ஓடினால் மூன்று வாரங்களில் கால்கள் தூங்கிவிடும். நான்கு மணித்தியாலம் என்றால் கிலோமீற்றருக்கு 5 நிமிடம் 41 விநாடி. போட்டிக்குப் பதினெட்டு நாட்கள் இருக்கும் புதன்கிழமை, 2 கிலோமீற்றர் மெல்லோட்டத்தில் உடலைச் சூடாக்கிவிட்டு, அந்த 5:41 வேகத்தில் 3 கிலோமீற்றரை மூன்று தடவை ஓடுங்கள். இடையில் மூன்று நிமிட மெல்லோட்டம். அடுத்த புதன்கிழமை 1 கிலோமீற்றரை ஐந்து தடவை, 5:15 அளவில், இடையில் இரண்டு நிமிடம் விட்டு ஓடுங்கள். போட்டி வாரத்துச் செவ்வாய் அல்லது புதன், மொத்தம் 6 கிலோமீற்றர் போதும்: அதில் நடு மூன்று கிலோமீற்றரைப் போட்டி வேகத்தில் ஓடி, முடிவில் 100 மீற்றர் இலகுவான விரைவோட்டம் நான்கு தடவை. வெள்ளிக்கிழமை ஓய்வு. சனிக்கிழமை பதினைந்து நிமிடம் கால்களை அசைத்தால் போதும்.

இந்த மூன்று நாளும் பயிற்சி முடிகையில் "இன்னும் ஒன்று ஓடலாம் போலிருக்கிறதே" என்ற நிலையில் வீட்டுக்குப் போக வேண்டும். அந்த ஒன்றை ஓடிவிட்டு வந்து என்னிடம் பெருமை சொல்பவர்களைத்தான் நான் ஒவ்வோர் ஆண்டும் நொண்டிக்கொண்டு நிற்கக் காண்கிறேன். கொள்ளுப்பிட்டியின் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே GPS கைக்கடிகாரம் காட்டும் வேகத்தை நம்பாதீர்கள். ஓடுதளம் கிடைத்தால் ஒரு சுற்று 400 மீற்றர். 5:41 வேகத்துக்கு அது 2 நிமிடம் 16 விநாடி.

நீங்கள் சொல்லும் 800 மீற்றர் கணக்கு பார்ட் யாசோ என்ற அமெரிக்க ஓட்டக்காரரின் பெயரால் வழங்குவது. நல்ல பயிற்சி, ஆனால் நம்பி ஏமாறக்கூடிய சோதிடம். மொத்தம் 8 கிலோமீற்றரை, ஓடிய நேரமளவுக்கு இடையிடையே ஓய்வெடுத்து ஓடியவருக்கு, 32 ஆவது கிலோமீற்றரில் உடலின் மாச்சத்து இருப்பு தீர்ந்துபோகும்போது என்ன நடக்கும் என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. நான்கு மணி என்று அது சொன்னால், கொழும்பில் நான்கு மணி இருபது நிமிடத்துக்குத் தயாராகுங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து: காபன் தகடு வைத்த புதிய சப்பாத்து அடுத்த வாரம் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அதோடு ஓடலாமா?

அடுத்த மரதனுக்கு ஓடலாம்.

பத்தரமுல்லையிலிருந்து: தியவன்னா ஓயாவைச் சுற்றி ஓடுகையில் 8 ஆவது கிலோமீற்றரிலிருந்து முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கிறது. போட்டியன்று வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா?

முழங்காலைப் பார்க்காமல் நான் எதுவும் சொல்ல முடியாது. இந்த வாரமே ஓர் இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) காட்டுங்கள். மாத்திரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இபுபுரோபன், டைக்குளோபினாக் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். நீர் வற்றிய உடலோடு நான்கு, ஐந்து மணித்தியாலம் ஓடுகையில் அந்த ஓட்டம் ஏற்கெனவே குறைந்திருக்கும். எங்கள் குழுவில் ஒருவர் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு ஓடி முடித்து, மாலையில் பிளேன்ரீ நிறத்தில் சிறுநீர் போய், மூன்று நாட்கள் வைத்தியசாலையில் சேலைனோடு கிடந்தார். பதக்கம் கட்டில் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்ற நிலையில் இருப்பவர் ஓடக்கூடாது.

மட்டக்குளியிலிருந்து: கடைசி நாட்களில் மாச்சத்து ஏற்ற வேண்டும் என்கிறார்கள். எல்லோரும் பாஸ்தா என்கிறார்கள். எங்கள் வீட்டில் சோறுதான். எவ்வளவு சாப்பிடுவது?

சோறு போதும், பாஸ்தாவில் மாயம் எதுவும் இல்லை. போட்டிக்கு முந்திய 36 முதல் 48 மணித்தியாலங்களில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 10 முதல் 12 கிராம் மாச்சத்து என்பது விளையாட்டு உணவியலில் வழங்கும் அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது குறைந்தது 600 கிராம். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் மாச்சத்து 28 கிராம் அளவில்தான் இருக்கிறது. ஆகவே சோற்றால் மட்டும் நிரப்பப் பார்த்தால் நாளொன்றுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும், அது நடக்காது. மூன்று வேளைக்குமாகச் சோறு 900 கிராம், ஜாம் தாராளமாகப் பூசிய பாண் ஆறு துண்டு, வாழைப்பழம் நான்கு, அரை லீற்றர் பழச்சாறு, சீனி போட்ட தேநீர் மூன்று கோப்பை: இவ்வளவும் சேர்ந்தால் 600 ஐத் தொடலாம். பிடித்தவர்கள் சோற்றில் ஒரு வேளையை இடியப்பமாக மாற்றிக்கொள்ளலாம். சொதியை மட்டும் தேங்காய்ப்பால் கெட்டியாக இல்லாமல் ஊற்றுங்கள்.

அந்த இரண்டு நாளும் சிவப்பரிசி, கடலை, பருப்பு, கீரை ஆகியவற்றை ஒதுக்கி வையுங்கள். மற்ற நாட்களில் நல்லவைதான், ஆனால் நார்ச்சத்து போட்டிப் பாதையில் கழிப்பறை தேட வைக்கும். நண்டுக்கறி விருந்தைப் போட்டி முடிந்த மாலைக்கு வையுங்கள். மாச்சத்து உடலில் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கப்படுகிறது; அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ 3 கிராம் நீரும் சேர்வதால் தராசு ஒன்றிரண்டு கிலோ கூடக் காட்டும். அதைக் கண்டு பயந்து சனிக்கிழமை இரவு பட்டினி கிடந்த ஒருவரை எனக்குத் தெரியும். வீட்டில் அவருக்கு இன்னும் 'பட்டினி' என்றுதான் பெயர். நீரிழிவு உள்ளவர்கள் இந்தக் கணக்கைத் தம் வைத்தியரிடம் காட்டாமல் செய்ய வேண்டாம்.

வத்தளையிலிருந்து: போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கையில் 35 கிலோமீற்றர் ஓடிப் பார்ப்பது நல்லதா?

வெள்ளவத்தைத் தம்பிக்குச் சொன்ன பதிலே.

மெல்பேர்னிலிருந்து: அங்கே சென்ற ஆண்டு 3 மணி 40 நிமிடத்தில் முடித்தேன். வியாழக்கிழமை கொழும்பில் இறங்கி ஞாயிறு ஓடுகிறேன். அதே வேகத்தில் தொடங்கலாமா?

தொடங்கலாம், முடிக்க மாட்டீர்கள். வெப்பத்துக்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் வேண்டும், உங்களுக்கு இருப்பது மூன்று. 4 மணி 10 நிமிடத்துக்குரிய வேகத்தில் தொடங்கி, 30 ஆவது கிலோமீற்றரில் உடல் நன்றாக இருந்தால் கூட்டுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: அண்ணா, நீங்கள் வெயிலைச் சொல்லி எல்லோரையும் பயமுறுத்துகிறீர்கள். போட்டி தொடங்குவது விடியற்காலையில். நாங்கள் இந்த வெப்பத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். எங்களுக்கு இது பொருந்தாது.

இங்கே பிறந்தது மட்டும் போதாது, தம்பி. குளிரூட்டிய அறையில் தூங்கி, குளிரூட்டிய வாகனத்தில் அலுவலகம் போய், மாலையில் குளிரூட்டிய உடற்பயிற்சிக்கூடத்து டிரெட்மில்லில் ஓடுபவரின் உடலுக்குக் கொழும்பும் மெல்பேர்னும் ஒன்றுதான். வெளியே ஓடுபவருக்கே உடல் பழகுகிறது.

விடியற்காலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெப்பநிலை அப்போதுதான் மிகக் குறைவு, ஆனால் காற்றின் ஈரப்பதன் மிக அதிகமாக இருப்பதும் அப்போதுதான். வியர்வை ஆவியாகிப் போனால்தான் உடல் குளிரும். முழங்கையிலிருந்து சொட்டி வீதியில் விழும் வியர்வையால் பயன் இல்லை. காலை 5 மணிக்குக் காலிமுகத்திடலில் பத்து நிமிடம் ஓடிவிட்டு மேற்சட்டையின் கீழ் விளிம்பைப் பிழிந்து பாருங்கள். வானம் இன்னும் கறுப்பாக இருக்கும், கடற்காற்று முகத்தில் படும், ஆனால் விரலிடுக்கில் நீர் ஒழுகும்.

மீண்டும் கொட்டாஞ்சேனை: கென்யர்கள் எந்த வெப்பத்திலும் ஓடுகிறார்களே?

ஓடுகிறார்கள், மெதுவாக. 2019 இல் டோஹாவில் நடந்த உலக தடகளப் போட்டியில் வெப்பத்துக்குப் பயந்து பெண்கள் மரதனை நள்ளிரவில் தொடங்கினார்கள். 68 பேர் தொடங்கி 40 பேர்தான் முடித்தார்கள். வென்ற கென்ய வீராங்கனை ரூத் செப்ஙெற்றிச்சின் நேரம் 2:32:43. அதே ஆண்டு ஜனவரியில் துபாயில் அவர் ஓடியது 2:17:08. உலகின் மிகச் சிறந்தவர்களில் ஒருவரே பதினைந்து நிமிடம் பின்தங்கினார். நீங்களும் நானும் அவரைவிட இரண்டு மணித்தியாலம் கூடுதலாக வெளியே நிற்கப்போகிறவர்கள், அதுவும் சூரியன் ஏறிய பிறகு.

நுகேகொடையிலிருந்து: இந்த வாதத்தில் நான் அண்ணாவின் பக்கம். ஆனால் இலக்கு நேரமே இல்லாமல் எப்படி ஓடுவது?

இலக்கை விடச் சொல்லவில்லை. முதல் பத்துக் கிலோமீற்றரில் அதைத் துரத்த வேண்டாம் என்கிறேன். அந்தப் பத்திலும் பக்கத்தில் ஓடுபவரோடு முழு வசனமாகப் பேச முடிய வேண்டும். பேச்சு இரண்டு சொல்லில் அறுந்தால் வேகம் அதிகம். கொட்டாஞ்சேனைத் தம்பி போட்டி முடிந்து தன் நேரத்தை எழுதட்டும், நான் தோற்றிருந்தால் ஒப்புக்கொள்கிறேன். இத்தோடு வெப்ப வாதம் போதும்.

கல்கிசையிலிருந்து: எவ்வளவு தண்ணீர் குடிப்பது? இளநீர் போதுமா? கடைசிப் பகுதியில் தசைப்பிடிப்புக்கு ஒரு வலிமாத்திரையும் பையில் வைத்திருக்கலாமா?

மாத்திரைக்கு மேலே பதில் இருக்கிறது, பையிலும் வேண்டாம். தண்ணீருக்கு ஒரு தராசு போதும். நேற்றுக் காலை ஓடுமுன் என் எடை 70.4 கிலோ, 90 நிமிடம் ஓடித் துடைத்துவிட்டு ஏறி நின்றபோது 68.9. இடையில் அரை லீற்றர் குடித்திருந்தேன். ஆகவே ஒன்றரை மணித்தியாலத்தில் 2 லீற்றர் வியர்வை. அவ்வளவையும் ஓடிக்கொண்டே குடித்து ஈடுசெய்ய வயிறு விடாது. மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் முதல் முக்கால் வரை, தாகத்தைக் கேட்டு, சிறு மிடறுகளாகக் குடிக்கிறேன்.

அளவுக்கு மிஞ்சிக் குடிப்பதும் ஆபத்து. 2002 பொஸ்டன் மரதனில் முடிவிடத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்த 488 பேரில் 13 சதவீதமானோருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியிருந்தவர்களிடமே அது அதிகம் காணப்பட்டது. மெதுவாக ஓடி, ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று இரண்டு கோப்பை குடிப்பவர்கள் கவனிக்க வேண்டும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். முடிந்த பிறகு செவ்விளநீர் குடியுங்கள். ஓடுகையில் ஜீவனி என்ற நீரிழப்பு ஈடுசெய்யும் உப்புத்தூள் கலந்த தண்ணீர் எனக்குச் சரிவருகிறது. உங்களுக்கும் சரிவருமா என்பதை இந்த ஞாயிறு ஓடிப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு சகோதரி, இடம் குறிப்பிடவில்லை: மாதவிடாய் சரியாகப் போட்டி நாளில் வருகிறது. தள்ளிப்போட மாத்திரை எடுக்கலாமா?

இது வைத்தியர் சொல்ல வேண்டியது, இந்த வாரமே கேளுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் புதிய மாத்திரை ஒன்றைப் போட்டி நாளில் சோதிப்பதாகிவிடும். எங்கள் குழுவில் பல பெண்கள் அந்த நாளிலேயே ஓடி நல்ல நேரம் எடுத்திருக்கிறார்கள்.

இரத்மலானையிலிருந்து: முந்திய இரவு தூக்கமே வராது. என்ன செய்வது?

யாருக்கும் வராது. வெள்ளிக்கிழமை இரவு நன்றாகத் தூங்குங்கள், சனிக்கிழமை இரவு கண்ணை மூடிப் படுத்திருந்தால் போதும். கடைசி வாரத்தில் இல்லாத வலியெல்லாம் இருப்பதாகத் தோன்றும். பெரும்பாலானவை பயிற்சி குறைந்ததால் மனம் தேடிப் பிடிப்பவை.

வெள்ளவத்தையிலிருந்து மீண்டும்: ஐயா, 35 வேண்டாம் என்றீர்கள், ஏற்றுக்கொண்டேன். 32 ஓடலாமா?

28. ஞாயிறு காலை 4:45 க்குச் சுதந்திர சதுக்கத்துக்கு வாருங்கள், நான் பக்கத்தில் ஓடி நிறுத்துகிறேன்.