காய்ச்சலுக்கு நடுவே ஸ்டீராய்டு ஏன்? கோத்தகிரி சகோதரிக்கு

வணக்கம் சகோதரி. பாக்டீரியாவால் மூளையுறை அழற்சி வந்த ஆறு வயது மகனுக்கு, ஆன்டிபயாட்டிக்குடன் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ஸ்டீராய்டும் ஏன் போட்டார்கள் என்று கேட்டிருந்தீர்கள். கலங்காதீர்கள், அது வழக்கமான சிகிச்சைதான்.

மூளைக்கென்று தனிக் காவல் செல்கள் உண்டு: மைக்ரோகிளியா. 1919இல் ஸ்பெயின் நாட்டு ரியோ ஒர்த்தேகா அடையாளம் கண்டவை. சாதாரண நாளில் மெல்லிய கிளைகளை நீட்டிச் சுற்றுப்புறத்தைத் தடவிக்கொண்டே இருக்கும். கிருமியின் உறைத் துணுக்கு பட்டதும் கிளைகளைச் சுருக்கி, உருண்டு திரண்டு, கிருமியை விழுங்கத் தொடங்கும். ரசாயனச் செய்தி அனுப்பி ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களையும் வரவழைக்கும். குன்னூரில் ஆய்வகப் பணியில் இருக்கும் நான், இந்த நோயில் எடுக்கும் தண்டுவட நீரை, அதாவது மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரைப் பார்த்திருக்கிறேன். பளிங்குபோல் இருக்க வேண்டியது, அரிசி கழுவிய தண்ணீராகக் கலங்கியிருக்கும். கலங்கல் பெரும்பாலும் அந்த வெள்ளை அணுக்களே.

சிக்கல் இங்கேதான். ஆன்டிபயாட்டிக் கிருமியை உடைக்கும்போது துணுக்குகள் ஒரேயடியாகச் சிதறும்; மைக்ரோகிளியா மேலும் ஆவேசமாகும்; அழற்சி நரம்பு செல்களையும் உள்காதையும் கெடுக்கும். அதை அடக்கத்தான், முதல் ஆன்டிபயாட்டிக் ஊசியோடோ சற்று முன்போ, டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைப் போடுகிறார்கள்.

செவித்திறன் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நான்கு வாரங்களுக்குள் செய்துவிடுங்கள். கூப்பிட்டால் திரும்புகிறான் என்று விட்டுவிடக் கூடாது. ஒரு காது மட்டும் மந்தமானால் வீட்டில் தெரியாது. உள்காது எலும்பாக இறுகிவிட்டால் பிறகு உள்காதில் கேட்புக் கருவி பொருத்துவதும் கடினம். மீண்டும் காய்ச்சலோ வாந்தியோ மயக்கமோ வந்தால், பனி, இரவு என்று பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.