மறதி நோய்க்கு ஆயுர்வேதப் பேக்கேஜ்: பணம் கட்டும் முன்

கேள்வி: என் மாமியாருக்கு 76 வயது. டிமென்ஷியா என்று நரம்பியல் மருத்துவர் போன வருடம் உறுதி செய்தார். மறதிக்கான டோனெபெசில் மாத்திரை, பிரஷர் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை எல்லாம் சாப்பிடுகிறார். இப்போது ஓர் ஆயுர்வேத மையத்தில் ஆறு மாதப் பேக்கேஜ் சொல்கிறார்கள். பிராமி மாத்திரை, அரிஷ்டம், லேகியம், அப்புறம் 21 நாள் சிரோதாரை. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டுமாம். "பழைய ஞாபகம் திரும்பிவிடும்" என்று அடித்துச் சொல்கிறார்கள். கட்டிவிடலாம் என்கிறார் என் கணவர். எனக்குத்தான் தயக்கமாக இருக்கிறது.

பதில்: உங்கள் தயக்கம் சரியானது. இந்தப் பேக்கேஜுக்குப் பணம் கட்டாதீர்கள். ஆனால் ஆயுர்வேதத்தில் உங்கள் மாமியாருக்கு உதவக்கூடியவையும் உண்டு. அவற்றுக்கு இவ்வளவு செலவாகாது.

முதலில் அந்த வாக்குறுதி. டிமென்ஷியாவை உண்டாக்கும் அல்சைமர் போன்ற நோய்களில் மூளைச் செல்கள் படிப்படியாக அழிகின்றன. அழிந்ததைத் திருப்பித் தரும் மருந்து இன்று எந்த மருத்துவ முறையிலும் இல்லை. டோனெபெசில்கூட சிலருக்கு அறிகுறிகளைக் கொஞ்ச காலம் தணிக்கிறது, அவ்வளவுதான். மூளைக் கோளாறுகளைக் குணமாக்குவதாக மருந்தை விளம்பரம் செய்வதற்கு 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தில் தடை இருக்கிறது. "ஞாபகம் திரும்பும் என்று லெட்டர்ஹெட்டில் எழுதி, மருத்துவர் பதிவு எண்ணோடு கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். அப்போது வரும் பதிலை உங்கள் கணவரும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.

அடுத்து மூலிகைகள். வல்லாரைச் சாறு, அதிமதுரப் பொடி, சீந்தில் சாறு, சங்கபுஷ்பி ஆகிய நான்கையும் அறிவை வளர்ப்பவை என்று சரக சம்ஹிதை சொல்கிறது. பிராமிக்கும் அப்படி ஒரு பெயர் உண்டு. பிராமியை வைத்து நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. நோயில்லாதவர்களிடம் நடந்தவையே அதிகம். டிமென்ஷியா வந்துவிட்டவருக்கு அது பலன் தரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை, அவர் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள்தான். டோனெபெசில் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற பொருளைக் கூட்டுகிறது. பிராமியும் அதே வேலையைச் செய்யக்கூடும். இரண்டும் சேர்ந்தால் வயிற்றுப்போக்கு வரலாம், இதயத் துடிப்பு குறையலாம். துடிப்பு குறைந்தால் தலைசுற்றும், விழுவார். ரத்தம் உறையாமைக்கான மாத்திரையோடு விழுந்தால் சின்ன அடியே பெரிய ஆபத்து. அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் பிரஷர் ஏறும், உடலில் பொட்டாசியம் குறையும். அரிஷ்டம் என்பது நொதிக்க வைத்துச் செய்வது, அதில் ஆல்கஹால் உண்டு. லேகியத்தில் வெல்லமோ சர்க்கரையோ நிறைய இருக்கும். விழுங்கச் சிரமப்படும் முதியவருக்கு அதன் பிசுபிசுப்பும் சிக்கல்தான்.

மருந்துப் பட்டியலில் 'ரஸ' என்று முடியும் பெயரோ பஸ்மமோ (உலோகம், தாதுக்களைப் புடம்போட்டுச் செய்யும் பொடி) இருக்கிறதா என்று பாருங்கள். மறதிக்குத் தரப்படும் ஸ்மிருதி சாகர ரஸத்தில் பாதரசமும் ஆர்செனிக் சேர்மங்களும் சேர்கின்றன. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்து 2004இல் வெளியான ஆய்வில், 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. ஈயமும் பாதரசமும் நரம்பு மண்டலத்தைத்தான் பாதிக்கும். ஏற்கெனவே நலிந்த மூளைக்கு இதைக் கொடுக்க வேண்டுமா?

லேபிளில் உரிம எண் இருக்கிறதே என்பார்கள். அந்த எண் உற்பத்திக்கான அனுமதி. பழைய நூல்களில் உள்ள மருந்தென்றால், அது நோயாளிகளுக்குப் பலன் தந்ததா என்று புதிதாக நிரூபிக்காமலேயே உரிமம் கிடைக்கும். ஆகவே உரிம எண் இல்லாததை வாங்கவே கூடாது, இருக்கிறது என்பதற்காக நம்பிவிடவும் கூடாது. லேபிளில் உட்பொருள் பட்டியல், தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். சட்டம் நச்சுப் பொருளாகப் பட்டியலிட்டவை சேர்ந்திருந்தால், மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கையும் இருக்க வேண்டும்.

சிரோதாரையில் நெற்றியில் எண்ணெய் ஒழுக, அரை மணிக்கு மேல் அசையாமல் படுத்திருக்க வேண்டும். புது இடம், முன்பின் தெரியாத ஆட்கள், முகத்தருகே ஏதோ ஒழுகுகிறது. என்ன நடக்கிறது என்று புரியாத ஒருவர் மிரண்டு எழுவார். எண்ணெய்க் காலோடு மேஜையிலிருந்து இறங்குவார். இதை 21 நாளுக்கு முன்பணம் கட்டி வாங்குவது எனக்குச் சம்மதமில்லை.

அதே எண்ணெயை வீட்டில் இளஞ்சூடாக, அவருக்குப் பழக்கமானவர் கையால் கை கால்களில் மெதுவாகத் தடவிவிடுங்கள். தடவும்போதே "இப்போ கையை எடுக்கிறேன் அத்தை" என்று சொல்லிக்கொண்டே செய்யுங்கள். பதற்றம் தணிந்து தூக்கம் வர இது பலருக்கு உதவுகிறது. குளிக்கும் முன் பாதத்து எண்ணெயைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஆயுர்வேதம் சொல்லும் தினசரி ஒழுங்கும் உதவும். ஒரே நேரத்தில் எழுவது, காலை வெயில், ஒரே நேரத்தில் சாப்பாடு, இருட்டியதும் வீட்டை அமைதியாக்குவது. டிமென்ஷியா நோயாளிகளைப் பராமரிப்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

இதற்கு மேலும் உள்ளே கொடுக்கும் மருந்து வேண்டுமென்றால், பதிவு பெற்ற ஆயுர்வேத மருத்துவரிடம் போங்கள். மருந்தின் பெயர், அளவு எல்லாம் எழுதி வாங்கி, அந்தச் சீட்டை நரம்பியல் மருத்துவரிடம் காட்டிய பிறகே ஆரம்பியுங்கள். ஒரு நேரத்தில் ஒரே மருந்து, ஒரு மாதத்துக்கு மட்டும். பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனைகளை ஏற்கெனவே செய்தாயிற்றா? இல்லையென்றால் கையிலிருக்கும் பணத்தில் அதை முதலில் செய்துவிடுங்கள். அந்தக் குறைகளால் கூடும் மறதியைச் சரிசெய்ய முடியும்.

கேள்வி: ஆன்லைனில் 'ஞாபகசக்தி கேப்ஸ்யூல்' வாங்கினேன். நூறு சதவீதம் மூலிகை, பக்கவிளைவே இல்லை என்று போட்டிருக்கிறது. அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

பதில்: டப்பாவில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் மட்டும் இருந்தால், சட்டப்படி அது உணவுத் துணைப்பொருள். நோயைக் குணமாக்கும் என்று அதன்மேல் எழுதக் கூடாது. பக்கவிளைவே இல்லை என்ற வரியையும் நம்பாதீர்கள். வேலை செய்கிற எந்தப் பொருளுக்கும் வேண்டாத விளைவு இருக்கலாம். அப்பாவுக்கு வலிப்பு மாத்திரையாக ஃபெனிட்டாயின் இருந்தால், சங்கபுஷ்பி சேர்ந்தது எதையும் தொடாதீர்கள். ஃபெனிட்டாயினின் அளவை அது ரத்தத்தில் குறைத்துவிடும், வலிப்பு திரும்பலாம்.

கேள்வி: நாங்கள் ஏற்கெனவே ஒரு மையத்தில் பணம் கட்டி, இரண்டு மாதமாக மருந்து கொடுக்கிறோம். அம்மாவிடம் மாற்றம் ஒன்றுமில்லை. மீதிப் பணம் கிடைக்குமா?

பதில்: கேட்டுப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. ரசீது, விளம்பரத் துண்டறிக்கை, வாட்ஸ்அப்பில் அவர்கள் தந்த உறுதி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மீதிப் பணத்தைக் கேட்டு எழுத்துமூலம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும்.

மிச்சமுள்ள மருந்துகளைத் தூக்கிப் போடாதீர்கள். அம்மாவுக்கு வயிற்றுவலி, பசியின்மை, கை கால் மரத்துப்போவது போன்ற ஏதாவது புதிதாக வந்திருந்தால் உடனே மருந்தை நிறுத்தி, டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டுமா என்று நீங்களாகவே கேளுங்கள்.