பஞ்சிகாவத்தையில் பார்த்த மொரிஸ் மைனர் எஞ்சின்

தம்பி, கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் உங்கள் மொரிஸ் மைனர் காருக்கு வாங்கப் பார்த்த அந்த 1098 சிசி எஞ்சின் 'ரீபில்ட் செய்தது' (பிரித்துப் புதுப்பித்தது) என்ற கடைக்காரரின் சொல்லை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள். புதுப் பெயின்ட் எதற்கும் சாட்சி இல்லை. எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்பைக் கழற்றச் சொல்லுங்கள், மறுத்தால் வந்துவிடுங்கள். கிராங்கில், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டில், உள்ள ஒரு பெயரிங் மூடியைத் திறந்து, அதற்குள் இருக்கும் ஷெல் என்ற மெல்லிய உலோகத் தகட்டின் பின்பக்கம் பாருங்கள். 010 என்றிருந்தால் கிராங்கை அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு ஏற்கெனவே அரைத்திருக்கிறார்கள், அது பரவாயில்லை. 040 என்றால் நான் தொடவே மாட்டேன், அடுத்த முறை அரைக்க இடமிராது.

அப்புறம் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிக் கம்பிரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பாருங்கள். ஏதாவதொரு சிலிண்டர் குறைந்தால் அதில் கொஞ்சம் ஒயில் விட்டு மறுபடி பாருங்கள்: ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு.

எஞ்சின் இலக்கம் எழுதிய ரசீதும் கேளுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவை மாற்ற அது தேவைப்படும்.