வீட்டில் கோழி வளர்ப்பும் மாமியாரின் மூச்சிரைப்பும்

கேள்வி: திண்டுக்கல்லை அடுத்த ஒரு சிற்றூரில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். வீட்டின் பின்புறம் ஒரு சென்ட் அளவுக்குக் காலியிடம் உள்ளது. எங்கள் 3 வயது மகனுக்காக ஐந்தாறு நாட்டுக்கோழிகள் வளர்க்கலாம் என்று என் மாமியார் சொல்கிறார். கிராமத்தில் இருந்தவரை கோழி வளர்த்துப் பழகியவர் அவர். இப்போது வயது 67, சர்க்கரை நோயும், பல ஆண்டுகளாக வீசிங் தொல்லையும் உண்டு, இன்ஹேலர் பயன்படுத்துகிறார். வீட்டுக்குள் நோய் வந்துவிடும் என்று என் கணவர் மறுக்கிறார். நாட்டுக்கோழி முட்டையில் உண்மையாகவே சத்து அதிகமா? குழந்தையும் மாமியாரும் கோழிகளோடு புழங்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, தாராளமாகக் கோழி வளர்க்கலாம். ஆனால் உங்கள் வீட்டில் கோழியைப் பற்றி நன்கு அறிந்த ஒரே நபர்தான் கோழிக்கூட்டைப் பெருக்கவே கூடாத நபராகவும் இருக்கிறார். உங்கள் கடிதத்தில் நான் பெரிதாகக் கருதுவது இதைத்தான். அதற்கு முன் முட்டையைப் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

நாட்டுக்கோழி முட்டை அளவில் சிறியது. ஏறத்தாழ 40 கிராம் எடையுள்ள அந்த முட்டையில் சுமார் 5 கிராம் புரதம் இருக்கும், சற்றுப் பெரிய பண்ணை முட்டையில் 6 கிராமுக்கு மேல் கிடைக்கும். ஓட்டின் நிறத்துக்கும் சத்துக்கும் தொடர்பில்லை. கீரையும் புல்லும் பூச்சியும் கொத்தித் தின்று வெயிலில் திரியும் கோழியின் மஞ்சள் கருவில் நிறம் கூடுதலாக இருப்பதும், வைட்டமின் டி சற்றுக் கூடுதலாக இருக்கக்கூடும் என்பதும் உண்மைதான் என்றாலும், நாமக்கல் பண்ணை முட்டையைச் சாப்பிடும் குழந்தை எதையும் இழந்துவிடுவதில்லை. இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள்: சிறுவிடை போன்ற நாட்டு ரகங்கள் ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைகள்தான் இடும், அடைக்கு உட்கார்ந்துவிட்டால் அதுவும் நின்றுவிடும். ஆகவே நான்கு கோழிகள் இருந்தாலும் நாளொன்றுக்கு ஒரு முட்டை என்பதே சராசரியில் நிறைவேறாது. முட்டை ஒன்றுக்காக மட்டும் வளர்ப்பதென்றால் கடையில் வாங்குவதே மலிவு.

இனி உங்கள் மாமியாரின் மூச்சிரைப்பு. கோழியின் இறகுத் துகள், காய்ந்து பொடியாகும் எச்சம், தவிட்டுத் தூசு, கூட்டில் ஈரம் தங்கினால் எழும் அமோனியா நெடி ஆகிய எல்லாமே ஏற்கெனவே சுருங்கும் இயல்புள்ள மூச்சுக்குழாய்களைத் தூண்டிவிடக்கூடியவை. இது பலரும் அறிந்ததே. பலரும் அறியாத மற்றொன்று, பறவைகளின் எச்சத்திலும் இறகிலும் உள்ள புரதங்களால் நுரையீரலின் காற்றறைகளிலேயே ஏற்படும் ஒவ்வாமை அழற்சி. இதை மருத்துவத்தில் ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நியூமோனைட்டிஸ் என்போம். புறா வளர்ப்போரிடம் இதை அதிகமாகப் பார்க்கிறோம், கோழி வளர்ப்போரிடமும் பார்ப்பதுண்டு. காலையில் கூட்டைப் பெருக்கியவருக்கு நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து, அதாவது மதியத்துக்கு மேல், காய்ச்சலும் உடல்வலியும் வறட்டு இருமலும் மூச்சு முட்டலும் வரும், மறுநாள் தணிந்துவிடும். இடைவெளி இவ்வளவு இருப்பதால் காலையில் செய்த வேலையோடு அதை யாரும் இணைத்துப் பார்ப்பதில்லை. வைரஸ் காய்ச்சல் என்றோ, வழக்கமான வீசிங் என்றோ எண்ணி நாட்களைக் கடத்துவார்கள். இன்ஹேலரை எத்தனை முறை இழுத்தாலும் இது முழுமையாக அடங்காது. மாதக்கணக்கில் தொடர்ந்தால் நுரையீரல் தழும்பேறிச் சுருங்கிவிடும், அந்தத் தழும்பை எந்த மருந்தாலும் மாற்ற முடியாது.

எனவே திறந்த வெளியில் நின்று கம்பும் அரிசி நொய்யும் இறைப்பது, நோய்வாய்ப்பட்ட கோழியை அடையாளம் காண்பது, எந்தக் கோழி அடைக்கு உட்காரப் பார்க்கிறது என்று கவனிப்பது போன்றவை மாமியாரிடம் இருக்கட்டும். கூட்டைச் சுத்தம் செய்வது, உமியை மாற்றுவது, எச்சத்தை அள்ளுவது ஆகியவற்றை மறுப்புத் தெரிவிக்கும் உங்கள் கணவரிடம் ஒப்படைப்பதே முறை என்பேன். அவர் அதற்கும் மறுத்தால் கோழியே வேண்டாம். சுத்தம் செய்யும் முன் தண்ணீர் தெளித்துத் தூசை அடக்கிவிட்டு, என்-95 முகக்கவசம் அணிந்து செய்ய வேண்டும். கூடு படுக்கையறை ஜன்னலையோ சமையலறையையோ ஒட்டி இருக்கக்கூடாது. கோழிகளை வாங்கும் முன் மாமியாரை ஒருமுறை நுரையீரல் மருத்துவரிடம் காட்டி, மூச்சுத்திறன் பரிசோதனை செய்து அந்த அளவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஒப்பிட அது உதவும்.

குழந்தையின் விஷயத்தில் அச்சம் சால்மோனெல்லா, காம்பைலோபேக்டர் என்னும் கிருமிகளைப் பற்றியது. முற்றிலும் ஆரோக்கியமாகத் தோன்றும் கோழியின் குடலிலும் இவை இருக்கும். எச்சத்தின் வழியாகக் கால், இறகு, முட்டை ஓடு எங்கும் ஒட்டியிருக்கும். டைபாய்டும் ஒருவகை சால்மோனெல்லாவால் வருவதே என்றாலும் அது கோழியிடமிருந்து வருவதில்லை. கோழியிடமிருந்து வருவது, பெரும்பாலும் மூன்று நாட்களுக்குள் காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு என்று தொடங்கும் தொற்று. பெரியவர்களுக்குத் தானாகவே சரியாகிவிடும், ஐந்து வயதுக்குட்பட்டோரையும் முதியோரையும் கடுமையாகத் தாக்கலாம். 3 வயதுக் குழந்தை கோழிக்குஞ்சைக் கையில் எடுத்தால் அடுத்த கணம் அதைக் கன்னத்தில் வைத்துக்கொள்ளும், பிறகு விரலைச் சூப்பும். ஆகையால் ஐந்து வயது வரை தூரத்திலிருந்து வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்துங்கள். தப்பித்தவறித் தொட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கைகழுவி விடுங்கள். கோழியை வீட்டுக்குள் நடமாட விடாதீர்கள், கூட்டுக்குப் போகும் செருப்பைத் தனியே வெளியில் வையுங்கள். சேவல் வேண்டாம்; முட்டையிடுவதற்கு அது தேவையில்லை, பாய்ந்தால் அதன் கால் முள்ளும் அலகும் குழந்தையின் கண்ணை எட்டிவிடும்.

முட்டையை அன்றன்றே எடுத்து, அழுக்கிருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். கழுவி வைக்க வேண்டாம். ஓட்டின் மேலுள்ள காப்புப் படலம் போய்விடும், குளிர்ந்த நீரில் கழுவினால் கிருமி உள்ளே இழுக்கப்படவும் கூடும். சமைக்கும் முன் கழுவினால் போதும். மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவைத்தே குழந்தைக்கும் மாமியாருக்கும் கொடுங்கள், ஆஃப்பாயில் கூடாது. வயதுக்கு வந்த பெண்ணுக்கு நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்து நல்லெண்ணெயோடு ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் உங்கள் பகுதியிலும் இருக்கலாம். பச்சை முட்டையின் புரதத்தில் பாதியளவே உடலில் சேர்கிறது, வேகவைத்ததில் பத்தில் ஒன்பது பங்கு சேர்கிறது. அந்தப் பெண்ணுக்கு அவித்த முட்டையும் உளுந்தங்களியுமே மேல்.

நோய் கண்ட கோழி சாவதற்குள் அறுத்துக் குழம்பு வைத்துவிடும் பழக்கத்தைப் பற்றி மாமியாரிடம் அவசியம் பேசுங்கள். கழுத்து திருகி, வெள்ளையும் பச்சையுமாகக் கழியும் கோழிக்கு வந்திருப்பது பெரும்பாலும் வெள்ளைக்கழிச்சல். அது மனிதருக்குக் கண்ணில் சிவப்பும் எரிச்சலும் தருவதோடு நின்றுவிடும். ஆனால் கொண்டை நீலம் பாரித்து, முகம் வீங்கி, கோழிகள் அடுத்தடுத்துச் சாவது எச்5என்1 பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். இந்தியக் கோழிகளில் இது முதன்முதலில் 2006-இல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் கண்டறியப்பட்டது. 2021-இல் ஹரியானாவைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவனும், 2025-இல் ஆந்திராவில் 2 வயதுப் பெண் குழந்தையும் இதனால் இறந்தார்கள். நன்கு வெந்த கறியில் வைரஸ் இருக்காது, ஆபத்து அறுப்பதிலும் இறகு பறிப்பதிலும் இருக்கிறது. அத்தகைய கோழியைத் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் கொடுங்கள். வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பூசியை அங்கேயே போட்டுக்கொள்ளலாம். மருந்துக் கடையில் வாங்கிய மனிதர் மாத்திரையைக் கோழிக்குக் கரைத்து ஊற்றாதீர்கள். மருந்தின் எச்சம் முட்டை வழியாக உங்கள் மகனைச் சேரும்.

சிந்திய தீவனத்துக்கு எலி வரும். எலிக்கும் முட்டைக்கும் பாம்பு வரும். இரவில் கோழி சத்தமிட்டால் டார்ச் இல்லாமல், செருப்பில்லாமல் யாரும் போகக்கூடாது.

இத்தனைக்குப் பிறகும் வளர்க்கலாம் என்று நான் சொல்வதற்கு உங்கள் மாமியாரே காரணம். ஊரை விட்டு வந்து, நாளெல்லாம் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் சர்க்கரை நோயாளிக்குக் காலையும் மாலையும் எழுந்து நடக்க ஒரு வேலை கிடைப்பது சிறிய லாபமல்ல. நான்கு கோழிகளோடு தொடங்குங்கள். அவருக்கு இருமலோ, மதியத்துக்கு மேல் காய்ச்சலோ, இன்ஹேலர் தேவை கூடுவதோ தெரிந்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் வீட்டில் கோழி இருப்பதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.